தம்பிக்கு 18 ஆவதற்குள்

2021 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அம்மா மலையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அன்று இரவு நானும் அண்ணனும் தம்பியின் மருந்துப் பையைப் பாயில் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு விதமான குளிசை. எது காலைக்கு, எது இரவுக்கு? ஒன்றா, ஒன்றரையா? உறையில் எழுதியிருந்தது ஈரம் பட்டு அழிந்துபோயிருந்தது. கிளினிக் கொப்பியில் டொக்டரின் எழுத்தை வாசிக்க முடியவில்லை. அம்மா வார்டில். கொரோனா காலம் என்பதால் பார்க்கவும் விடமாட்டார்கள். தம்பி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) போய் நின்று "அம்மா எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவனுக்கு அப்போது 15 வயது. பிறந்ததில் இருந்து அறிவு வளர்ச்சி மெதுவாகத்தான் இருந்தது, மூன்று வயதில் வலிப்பும் சேர்ந்துகொண்டது. நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (சிறுவர் காப்பகத்தில்) வேலை செய்கிறவள். ஊரில் இருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லாரும் எப்போது தூங்குவார்கள், யாருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். என் கூடப் பிறந்தவன் எந்தக் குளிசையை எப்போது போடுகிறான் என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, இன்றைக்கும்தான்.

அந்த இரவிலிருந்து அவனுக்கு 18 ஆகும் வரை நாங்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும் எழுதுகிறேன். இதே மாதிரிப் பிள்ளை இருக்கும் வீடுகள் எங்கள் பொகவந்தலாவைப் பக்கம் மட்டும் இல்லை, இலங்கை மலையகம் முழுக்க இருக்கின்றன. எல்லா வீட்டிலும் ஒரு அம்மா இருக்கிறார், அவருக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்.

அடுத்த நாள் அம்மாவுக்கு ஒரு பட்டன் போன் கொடுத்து அனுப்பினோம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவர் பேசுவார், நான் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதுவேன். முதலில் மருந்து. அப்புறம் வலிப்பு வருவதற்கு முன்னால் அவன் வலது காதைத் தேய்ப்பான் என்பது. வலிப்பு முடிந்ததும் அரை மணி நேரம் தூங்குவான், எழுப்பக் கூடாது. எங்கே வலித்தாலும் "வயிறு" என்றுதான் சொல்லுவான். இந்த ஒன்றைத் தெரியாமல் அதற்கு முந்தின வருடம் ஆஸ்பத்திரியில் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள், கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல்லில் ஓட்டை. பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், கையைப் பிடித்து இழுத்தால் அடிப்பான், பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடினால் தானே வருவான். மூன்று வாரத்தில் 40 பக்கம் நிறைந்தது. "இதெல்லாமா எழுதுவ புள்ள?" என்று அம்மா சிரித்தார். இரண்டாவது வாரத்தில் அவரே, "இன்னொன்னு மறந்துட்டேன், எழுதிக்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

40 பக்கக் கொப்பியை அவசரத்தில் யாரும் வாசிக்கமாட்டார்கள். அதனால் முக்கியமானதை அரைப் பக்கத்தில் சுருக்கினோம். பெயர், மருந்தின் பெயரும் அளவும், வலிப்பு வந்தால் என்ன செய்வது, யாருக்குப் போன் எடுப்பது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். சிங்களத்தில் எழுதித் தந்தது எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர். பஸ்ஸில் விழுந்தால் தூக்கப் போகிறவர் எந்த மொழிக்காரர் என்று நமக்கு எப்படித் தெரியும்? அதை லேமினேட் செய்து அவன் பையில் ஒன்று வைத்தோம். படம் எடுத்து நான்கு பேருடைய போனில் போட்டு வைத்தோம். பிறகு ஒரு மழை இரவில் மண்சரிவு அபாயம் என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்த எல்லாரையும் பாடசாலை மண்டபத்துக்கு அனுப்பினார்கள். மருந்துப் பை வீட்டிலேயே தங்கிவிட்டது. போனில் இருந்த அந்தப் படத்தைக் காட்டித்தான் தோட்டத்து டிஸ்பென்சரியில் அன்றைக்கு மருந்து வாங்க முடிந்தது.

வலிப்பு பற்றி லயத்தில் எல்லாரிடமும் பேச வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் வலிப்பு வந்தால் முதலில் ஓடிப்போய் இரும்புச் சாவியைக் கொண்டுவந்து கையில் திணிப்பார்கள். சாவியால் ஒரு பிரயோசனமும் இல்லை, அதைத் தேடும் நேரத்தில் பிள்ளையின் தலை படிக்கல்லில் மோதிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள், வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்காதீர்கள், மணி பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆட்டோவைக் கூப்பிடுங்கள். இவ்வளவுதான் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, சாவிய ஒரு கையில வச்சிட்டு இதையெல்லாம் செஞ்சா என்ன?" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

வெளிநாட்டில் பராமரிப்பு வேலை செய்யும் எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி போனில் சொன்னாள், இங்கிலாந்தில் பிள்ளைக்கு 13, 14 வயது ஆகும்போதே பெரியவனானபின் என்ன என்ற பேச்சைப் பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பித்துவிடுவார்களாம். சிறுவர் பிரிவில் இருந்து பெரியவர் பிரிவுக்குக் கை மாற்றுவதற்கு ஒரு திட்டம் எழுதுவார்களாம். அதிலும் ஆயிரம் ஓட்டை இருக்கிறது என்று அவளே சொன்னாள். நம்மிடம் கை மாற்றுவதற்கு அந்தப் பக்கம் ஒரு கையே இல்லை. விசேட கல்விப் பிரிவில் இருந்த பிள்ளை ஒரு நாள் "இனி வர வேண்டாம், வயசாயிருச்சு" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. வந்து ஸ்தோப்பில் உட்காருகிறது. 30 வயதிலும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. எங்கள் தோட்டத்தில் அப்படி மூன்று பேரை எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னதில் அந்த வயதை மட்டும் பிடித்துக்கொண்டேன். 14 வயதில் ஆரம்பிக்க வேண்டும். அம்மா விழுந்ததால் நாங்கள் 15 இல் ஆரம்பித்தோம். விழாமல் இருந்திருந்தால் ஆரம்பித்திருக்கவேமாட்டோம்.

முதலில் மாறியது கிளினிக்தான். பிள்ளைகள் கிளினிக்கில் டொக்டருக்கு அவனைத் தெரியும், சுவரில் யானைப் படம் இருக்கும், அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். பெரியவர்கள் கிளினிக்கில் யானை இல்லை. காலை ஆறு மணிக்கே போய் இலக்கம் எடுத்துப் பதினொரு மணி வரை இருந்தால், உள்ளே மூன்று நிமிடம். முதல் தடவை அவன் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுத்துவிட்டான். "அடுத்த தடவை பிள்ளையைக் கொண்டுவர வேண்டாம், கொப்பியை மட்டும் கொண்டுவந்து மருந்து வாங்கிக்கொண்டு போங்கள்" என்று அங்கே ஒருவர் சொன்னார். அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. எனக்குச் சரியாகப் படவில்லை. பார்க்காத ஆளுக்கு எத்தனை வருடம் அதே மருந்தை எழுதிக்கொண்டே இருப்பது?

அதனால் கிளினிக் இல்லாத நாளில் இரண்டு தடவை அவனைக் கூட்டிக்கொண்டு போய் வராந்தாவில் சும்மா உட்கார வைத்தேன். பனிஸ் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தோம். மூன்றாவது தடவை கிளினிக் நாளில் போனோம். பழைய டொக்டரிடம் கேட்டு வாங்கிய மாற்றல் கடிதத்தைக் கையில் வைத்திருந்தேன். அந்தக் கடிதத்தைக் கேட்காவிட்டால் யாரும் தாமாகத் தரமாட்டார்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். எந்த வயதில் எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். இன்னொன்று, 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் வலிப்பு மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டு நாளை ஓட்டினார்கள். திடீரென்று குறைத்தாலும் நிறுத்தினாலும் வலிப்பு முன்பைவிட மோசமாக வரலாம். நாங்கள் எப்போதும் இரண்டு வார மருந்தைத் தனியாக வைக்க ஆரம்பித்தது அப்போதுதான். புதிய மருந்து கிடைத்ததும் பழையதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

இனி, எழுதுவதற்குச் சங்கடமான பகுதிக்கு வருகிறேன். ஆனால் இதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

தம்பி எல்லாரையும் கட்டிப்பிடிப்பான். ஏழு வயதில் ஊரே ரசித்தது. 16 வயதில் என்னைவிட ஒரு சாண் உயரம், மீசை அரும்பிவிட்டது. ஒரு நாள் பிள்ளை மடுவத்துக்கு வந்தவன், அம்மாவுக்காகக் காத்திருந்த ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டான். அந்தப் பிள்ளையின் தாய் என்னிடம் வந்து, "அக்கா, கோவிச்சுக்காதீங்க, இனி இங்க அவன விடாதீங்க" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவனைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று வாய் வரை வந்துவிட்டது. ராத்திரி படுத்து யோசித்தபோது, அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வளர்ந்தது உடம்பு, நாங்கள் நடத்தியது ஏழு வயதுப் பிள்ளையாக.

வீட்டு ஆட்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் கை கொடுப்பது என்று பழக்கினோம். அவனைப் பழக்குவது ஆறு மாதம். லயத்து ஆட்களைப் பழக்குவது அதைவிடக் கஷ்டம். அவன் கையை நீட்டினால், "பாவம், புள்ள ஆசையா வருது" என்று அவர்களே இழுத்து அணைத்துக்கொள்வார்கள். இந்தப் "பாவம்" என்ற சொல்லோடு எனக்குத் தீராத சண்டை. அன்போடுதான் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பாவம் என்று சொல்லிக்கொண்டே அவனைப் பிள்ளையாகவே நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஒரு நாள் அவர்களே போலீசுக்குப் போவார்கள்.

குளியலும் அப்படித்தான். பீலியில் எல்லாரும் குளிப்பார்கள். அவன் 15 வயது வரை உடுப்பைக் கழற்றி வீசிவிட்டு நிற்பான். துண்டு கட்டிக்கொண்டு உடை மாற்றுவதை அண்ணன் தினமும் கூட நின்று செய்து காட்டினான். ஒரே காம்பராவில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் தனியிடம் என்று எதைக் காட்டிச் சொல்லிக் கொடுப்பது? பழைய சேலையால் ஒரு மூலையை மறைத்தோம். திரை மூடியிருந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது, அம்மாவும் கூட. அம்மா இரண்டு தடவை மறந்து போய் அவனிடம் திட்டு வாங்கினார். அவன் திட்டியது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

திட்டத் தெரிய வேண்டும் என்று ஏன் நினைத்தேன் என்றால், அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கோயில் திருவிழாவில் சில பையன்கள் வேடிக்கைக்காக அவனுக்குக் கசிப்பு (கள்ளச்சாராயம்) ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். குடி என்றார்கள், குடித்தான். விடியற்காலையில் அடுத்தடுத்து இரண்டு வலிப்பு. பையன்களைத் திட்டித் தீர்த்த பிறகுதான் உறைத்தது. பதினைந்து வருடமாக நாங்கள் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: சொன்ன பேச்சைக் கேள். "சொன்ன பேச்சு கேக்கிற புள்ள" என்று டீச்சரும் பாராட்டுவார், சொந்தக்காரர்களும் பாராட்டுவார்கள். யார் என்ன சொன்னாலும் கேட்கிறவனை எப்படி வெளியே அனுப்புவது?

"வேணாம்" என்று சொல்லப் பழக்கினோம். பாகற்காயைத் தட்டில் வைத்து, "வேணுமா?" என்று கேட்பேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்துச் சாப்பிடுவான். பிடிக்காவிட்டால் வேணாம் சொல்லு என்று திரும்பத் திரும்பச் சொல்லி, அவன் சொன்ன உடனே தட்டை எடுத்துவிடுவேன். அந்த உடனே எடுப்பதுதான் முக்கியம். அவன் சொல்லுக்கு ஒரு பலன் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பிடித்துக்கொண்டான். அப்புறம் ஒரு மாதம் குளிக்கவும் வேணாம், மருந்தும் வேணாம், சட்டையும் வேணாம். அம்மா தலையில் அடித்துக்கொண்டார், "நல்லா இருந்த புள்ளைய கெடுத்துப்புட்ட" என்று. மருந்துக்கு மட்டும் பேச்சில்லை, மற்றதில் அவன் சொல்வதைக் கேட்போம் என்று ஒரு மாதிரிச் சமரசத்துக்கு வந்தோம். அடுத்த வருடத் திருவிழாவில் அதே பையன்கள் கிளாஸை நீட்டியபோது வேணாம் என்றானாம். அதைப் பார்த்த ஒரு பையன் வந்து சொன்னான்.

கடதாசி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசிய அடையாள அட்டைக்கு 15 வயதிலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஜி.எஸ். (கிராம சேவகர்) வழியாகப் போகும். போவதற்கு முன் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரையும் பாடசாலைப் பதிவில் இருக்கும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டங்களில் பெயரைச் சிங்களத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார். தம்பிக்கு ஒரு எழுத்து மாறியிருந்ததைத் திருத்தவே ஏழு மாதம் போனது. அம்மா அதற்காக இழந்த பேர் (ஒரு நாள் வேலைக்கான கூலி) எத்தனை என்று கணக்குப் பார்க்கவில்லை. அப்போது ஒரு நாள் பேருக்கு 1,000 ரூபாய். 2024 இல் அது 1,350 ஆனது. அலுவலகத்துக்கு ஒரு நாள் என்றால் ஒரு பேர் போச்சு. அதனால் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது எல்லாப் பத்திரத்திலும் மூன்று பிரதி எடுத்துக்கொண்டு, பார்க்க வேண்டிய எல்லாரையும் ஒரே நாளில் பார்க்கப் பழகினோம். சமூக சேவை உத்தியோகத்தர் எந்தக் கிழமையில் ஆபிசில் இருப்பார் என்று முதலில் போன் எடுத்துக் கேளுங்கள். மற்ற நாளில் அவர் வெளியே சுற்றிக்கொண்டிருப்பார்.

அங்கவீனமுற்றோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு முன்பு 5,000, அப்புறம் 7,500, 2025 இல் 10,000 ரூபாய். அரசாங்க வைத்தியரின் சான்று வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். வங்கியில் கையெழுத்து எங்கே என்று கேட்டார்கள். அவனுக்கு எழுத வராது என்று அம்மா சொல்ல, கைநாட்டு என்றால் இன்னும் சில பத்திரம் வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து முதல் எழுத்தையும் ஒரு கோட்டையும் நான்கு மாதம் எழுதிப் பழகினான். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதுதான் கஷ்டம். வந்துவிட்டது. 18 ஆனால் சட்டப்படி அவன் பெரியவன், அம்மாவின் கையெழுத்து இனி அவனுடையது ஆகாது. சொந்தமாகச் சொத்தைப் பார்த்துக்கொள்ள முடியாதவருக்கு மாவட்ட நீதிமன்றம் வழியாக ஒருவரை நியமிக்கும் வழி இருக்கிறது. சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்டோம். காணி பூமி எதுவும் இல்லாத வீட்டுக்கு இப்போதைக்கு அது தேவையில்லை, அவன் செய்ய முடிந்ததை அவனே செய்யட்டும் என்றார் அந்த வக்கீல். நல்ல மனிதர்.

வாக்காளர் பட்டியலிலும் பெயரைப் போட்டோம். ஜி.எஸ். கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார், ஆனால் எழுதிக்கொண்டார். 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னால் வீட்டில் பழைய துண்டுப்பிரசுரங்களை வெட்டிச் சின்னங்களை ஒட்டி, புள்ளடி போடப் பழக்கினேன். உதவிக்கு ஒருவரைக் கூட்டிப் போகச் சட்டத்தில் இடம் இருக்கிறது. என்னைக் கூப்பிடுவான் என்று நினைத்தேன். தனியாகவே போனான். எதற்குப் போட்டாய் என்று கேட்டால் இன்றுவரை சிரிப்பு மட்டும்தான்.

தொழில் விஷயத்தில் நாங்கள் செய்த பெரிய பிழையைச் சொல்ல வேண்டும். 17 வயதில் அவனை ஒரு தங்குமிடப் பயிற்சி நிலையத்தில் சேர்த்தோம். சமூக சேவைகள் திணைக்களம் சீதுவ, வத்தேகம போன்ற இடங்களில் நடத்தும் நிலையங்களைப் பற்றி விசாரித்திருந்தோம், கடைசியில் போனது வேறு ஒரு தனியார் இடம். கட்டடம் நல்லது, சாப்பாடு நல்லது. ஒன்பதாவது நாள் போன் வந்தது, கூட்டிக்கொண்டு போங்கள் என்று. இராத்திரியில் தூங்கவில்லை, அழுகை, கட்டிலில் சிறுநீர். அங்கே குறை சொல்லுவதற்கு முன் எங்களை நாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது: அதுவரை அவன் ஒரு இரவாவது அம்மா பக்கத்தில் இல்லாமல் தூங்கியிருக்கிறானா? அம்மா வார்டில் இருந்த நாட்களைத் தவிர இல்லை, அந்த நாட்களிலும் அவன் தூங்கவில்லை. அதோடு அங்கே ராத்திரி வேலையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. கக்கூசுக்குப் போக வேண்டும் என்று சொல்ல இவனுக்குச் சிங்களம் தெரியாது. இரண்டே இரண்டு சொல். அதைச் சொல்லிக் கொடுக்காமல் பெட்டி கட்டி அனுப்பியிருந்தோம்.

அதற்குப் பிறகு நோர்வூட்டில் இருக்கும் சித்தி வீட்டில் ஒரு இரவு. அடுத்த மாதம் இரண்டு இரவு. போர்வையும் தலையணையும் வீட்டில் இருந்தே போகும். இப்போது ஒரு வாரம் இருப்பான், திரும்பி வர மனமே இருக்காது, சித்தி வீட்டில் டிவி பெரியது. எங்காவது ஒரு இல்லத்தில் தங்க வைக்க வேண்டிய நிலை ஒரு நாள் வரலாம். அதை நினைத்து இரண்டு மூன்று இடங்களைப் போய்ப் பார்த்தும் வைத்திருக்கிறேன். பலவற்றில் 18 வயது வரைதான் எடுக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லுவேன்: காலையில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், பின்னேரம் போங்கள். யார் குளிப்பாட்டுகிறார்கள், இரவில் யார் முழித்திருக்கிறார்கள், தமிழில் பேச யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் படங்களை விட, அங்கே இருப்பவர்கள் உங்களைக் கண்டதும் பேச வருகிறார்களா, ஒதுங்குகிறார்களா என்று பாருங்கள்.

வேலை கடைசியில் பக்கத்திலேயே கிடைத்தது. லயத்துக்குக் கீழே ஒரு மாமா மரக்கறித் தோட்டம் போடுகிறார். லீக்ஸைக் கழுவிக் கட்டுக் கட்டுவதில் தம்பிக்கு அப்படி ஒரு விருப்பம். ஒரு கட்டில் எத்தனை என்பதை எண்ண வராது. மாமா ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார், அந்த முடிச்சு வரை வந்தால் ஒரு கட்டு. முதலில் கூலி தேத்தண்ணியும் பனிஸும்தான். நான் போய்ப் பேசினேன். "என்னம்மா, சொந்தத்துக்குள்ள கூலியா?" என்று மாமா முகம் சுருங்கியது. வாரத்தில் மூன்று நாள், அரை நாளுக்கு 500 ரூபாய் என்று முடிந்தது. சொந்தம் என்பதால்தான் காசாகக் கேட்டேன். வேறு ஆளாக இருந்தால் சண்டையே போட்டிருப்பேன்.

காசை நிறத்தால் படித்தான். செம்மஞ்சள் 100, ஊதா 500, பச்சை 1,000. பஸ்ஸுக்கு ஒரு செம்மஞ்சள் தாள், மிச்சத்தை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வது. கொண்டக்டர் ஏமாற்றுவாரா? இரண்டு தடவை ஏமாற்றியிருக்கலாம். அந்த நட்டத்தை நாங்கள் தாங்கிக்கொண்டோம். தனியாக நோர்வூட்டுக்குப் போன நான்காவது பயணத்தில் தூங்கிப்போய் டிக்கோயாவைத் தாண்டி ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டான். பையில் இருந்த அட்டையைப் பார்த்து ஒரு கொண்டக்டர்தான் எங்களுக்குப் போன் எடுத்தார், சிங்களத்தில். நான் ஹட்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடன் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான்.

இத்தனையும் செய்தாலும், எல்லார் மனதிலும் இருந்தது ஒரே கேள்வி. எனக்கு வரன் பார்க்க வந்தவர்கள் நேராகவே கேட்டார்கள், தம்பி யாரோடு இருப்பான் என்று. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சந்தேகமே இருக்கவில்லை: அக்கா இருக்கிறாளே! யாரும் என்னைக் கேட்டதில்லை. 2023 தீபாவளிக்கு அண்ணன் கொழும்பில் இருந்து வந்திருந்தபோது நானே பேச்சை எடுத்தேன். நான் பார்த்துக்கொள்ளமாட்டேன் என்று சொல்லவில்லை. நான் மட்டும் என்றால் முடியாது என்றேன். அம்மா அழுதார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். இரண்டு நாள் வீடு வீடாகவே இல்லை. மூன்றாம் நாள் சித்தியையும் மாமாவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, யார் எதைச் செய்வது என்று எழுதினோம். கிளினிக் நான். மருந்து தீர்ந்தால் வெளியே வாங்கும் செலவு அண்ணன். மாதத்தில் ஒரு வாரம் சித்தி. தம்பியும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். உனக்கு எங்கே இருக்கப் பிடிக்கும் என்று கேட்டதற்கு, "இங்க. லீக்ஸ்" என்றான்.

அந்த "இங்க" தான் சிக்கல். லயத்து வீடு எங்கள் பெயரில் இல்லை. தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இருக்கும் வரைதான் யாரும் கேட்கமாட்டார்கள். ஏழு பேர்ச் அளவுள்ள சின்னக் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்கள் இருக்கின்றன, எங்கள் பிரிவுக்கு இன்னும் வரவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் இறந்தால், உழைக்க முடியாத பிள்ளைக்கு வளர்ந்த பிறகும் ஓய்வூதியம் போகும். கொழுந்து பறித்தவரின் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை, இ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) போன்ற சேமிப்புக் காசுதான். அம்மாவின் இ.பி.எஃப். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், பின்னுரித்தாளி (அவருக்குப் பிறகு காசு பெறுகிறவர்) என்று இருந்தது அப்பாவின் பெயர். அப்பா இறந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நானும் அண்ணனும் என்று மாற்றினோம், தம்பியின் பங்கு எதற்கு என்று அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அதற்குச் சட்டத்தில் என்ன மதிப்பு இருக்கிறதோ, எங்களுக்குள் மதிப்பு இருக்கிறது. அவனும் அவனுடைய எழுத்தையும் கோட்டையும் போட்டான்.

வீட்டுப் பிரச்சினைக்கு இன்னும் வழி தெரியவில்லை. எனக்கு வந்த வரனும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

போன தைப் பொங்கலுக்கு அண்ணன் ஒரு மருந்துப் பெட்டி வாங்கி வந்தான், ஏழு நாளுக்கு ஏழு அறை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தம்பியும் நானும் உட்கார்ந்து நிரப்புவோம். எடுத்துப் போடுவது அவன். பார்ப்பது மட்டும் நான். அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ராத்திரி எழுந்து டோர்ச் அடித்து, அன்றைய அறை காலியாக இருக்கிறதா என்று திறந்து பார்ப்பார். போன வாரம் அந்தச் சத்தத்தில் தம்பி விழித்துக்கொண்டான். பெட்டியை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "என் பெட்டி. நீ தூங்கு" என்றான். அம்மா டோர்ச்சை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். தூங்கினாரா என்று தெரியவில்லை.